சுபேதார் வேலுச்சாமியும் நான் பார்க்காத இறுதி ஆட்டமும்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, நான் வேலை பார்க்கும் கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசலில் மன்னவனூர் கேரட் லாரி ஒன்று வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து, "எஸ்தர் சிஸ்டர் யாருங்க?" என்று கேட்டார். நான்தான் என்றேன். "சுபேதார் ஐயா நேத்துத் தவறிட்டாருங்க. உங்ககிட்டச் சொல்லிட்டுத்தான் கீழ எறங்கணும்னு சொல்லி அனுப்புனாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு எடுக்குறாங்க" என்றார். அவர் சொன்ன பிறகும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். "வெரசாப் போனீங்கன்னா பதினோரு மணி பஸ்ஸப் புடிச்சிரலாம்" என்று அவரே சொன்னார்.

பேருந்தைப் பிடித்துவிட்டேன். முந்தின நாள் வேலுச்சாமி சார் வெள்ளனே எழுந்து உருளைக்கிழங்குக் காட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து காப்பி கேட்டிருக்கிறார். மருமகள் காப்பியை ஆற்றிக் கொண்டுவருவதற்குள் உட்கார்ந்தபடியே போய்விட்டார். படுக்கையில் கிடக்கவில்லை, யாரையும் காக்க வைக்கவில்லை.

நம் பள்ளி மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. அங்கே படித்த உங்களில் பலருக்கு இந்தச் செய்தி இன்னும் எட்டியிருக்காது. அவரைப் பற்றி எழுதித் தரும்படி, நம் கால்பந்து அணியின் தலைவனாக இருந்த பீட்டர் கேட்டான். முகவரி தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பி வைப்பதாகச் சொல்லியிருக்கிறான். உங்கள் பிள்ளைகளும் இதைப் படிக்கலாம் என்பதால், தெரிந்த விஷயங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுபதுகளில் கொடைக்கானல் மலையில் ஒரு சிறிய இராணுவப் பயிற்சிப் பள்ளி இருந்தது. பட்டாளத்தில் ஓய்வு பெற்ற கர்னல் ஒருவர் அதை நடத்தினார். பட்டாளத்துக்குப் போக விரும்பும் பையன்கள் அங்கே தங்கிப் படித்தார்கள். அவர்களைக் கேடட் என்றுதான் அழைக்க வேண்டும். நான் அந்தப் பள்ளியின் நர்ஸ். மூன்று கட்டில் போட்ட ஓர் அறை, ஒரு மருந்து அலமாரி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, இவற்றுக்கு அதிகாரி. வேலுச்சாமி சார் பாச்சலூர்க்காரர். கர்னலின் கீழ் ஒரே ரெஜிமெண்டில் சுபேதாராக இருந்தவர். காலையில் அணிவகுப்பு, மாலையில் கால்பந்து, இரண்டும் அவர் பொறுப்பு.

முதலில் எங்களுக்குள் ஆகவில்லை. நான் காய்ச்சல் என்று படுக்க வைத்த ஒரு பையனை அவர் அணிவகுப்புக்குக் கூட்டிப் போய்விட்டார். நான் தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு நேராக மைதானத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற பையன் வாயில் வைத்து, ஒரு நிமிடம் எல்லோரையும் காக்க வைத்து, எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நூத்தி ரெண்டு" என்று சத்தமாகப் படித்தார். பிறகு அந்தப் பையனிடம், "ஏலே, எங்கிட்ட ஏன்டா சொல்லல?" என்றார். "நீங்க கேக்கல சார்" என்றான் அவன். மறுநாள் காலை என் அறை வாசலில் ஒன்பது பேர் நின்றார்கள். கால் கடுப்பு, பல் வலி, தேள் கொட்டிய தழும்பு. எல்லோரையும் கேட்டுக் கேட்டு அவரே அனுப்பியிருந்தார்.

நம் மைதானம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் சரிந்து கிடக்கும். கீழ்ப்பக்கக் கோலுக்கு மேலே பந்து போனால் பள்ளத்தில் விழுந்து பேரிக்காய்த் தோப்பு வரைக்கும் உருண்டுவிடும். அடித்தவனே போய் எடுத்துவர வேண்டும் என்பது சுபேதாரின் சட்டம். ஒரு நாள், எப்படி உதைக்க வேண்டும் என்று காட்டுவதற்காக அவரே உதைத்தார். பந்து கோலைத் தாண்டிப் போய்விட்டது. ஒருவன் எடுக்க ஓடினான். "நில்லு. அடிச்சது யாரு?" என்றார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கினார். முக்கால் மணி நேரம் கழித்து பந்தோடு ஏறி வந்தார். முழங்கையில் சிராய்ப்பு, மூச்சு வாங்கியது. அதுவரைக்கும் நீங்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சிரிக்கவும் இல்லை என்று சொல்லமாட்டேன். நம் பையன்கள் பந்தைத் தரையோடு வைத்து, சின்னச் சின்னதாகத் தட்டி ஆடினார்கள் என்று சமவெளிக்காரர்கள் புகழ்வார்கள். அதற்குக் காரணம் அந்தப் பள்ளம்தான்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு பருவத்தைப் பற்றி. அப்போது திண்டுக்கல்லும் கொடைக்கானலும் எல்லாம் மதுரை மாவட்டம்தான். பள்ளிகளுக்கான மாவட்டக் கோப்பைக்கு நம் அணி முதல் முறையாகப் பெயர் கொடுத்திருந்தது. ஓர் ஆட்டத்தில் தோற்றாலே வெளியே என்ற அந்தப் போட்டி தொடங்கும் முன்பு, பழகிக்கொள்ள வத்தலக்குண்டில் ஓர் ஆட்டம். மலைப்பாதை வளைவுகளில் பதினொரு பேரில் எட்டுப் பேர் வாந்தி எடுத்தார்கள். வெளிறிப்போய் இறங்கி, வெயிலில் நின்று, ஐந்து கோல் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். மறுநாள் சுபேதார் என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"சிஸ்டர், எம் படை காலால தோக்கல. வயித்தால தோத்துருச்சு. வயிறு உங்க சோலி. என்ன செய்யணும், சொல்லுங்க."

பள்ளியில் இருபது ஆண்கள் வேலை பார்த்தார்கள். முடிவு செய்வதற்கு முன்னால் என்னிடம் வந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். பூரி வேண்டாம், இட்லி மட்டும் கொடுங்கள், முன் இருக்கைகளில் உட்கார வையுங்கள், வழியில் இரண்டு முறை இறக்கி நடக்க விடுங்கள், கீழே போனதும் உப்பும் சர்க்கரையும் கரைத்த எலுமிச்சைத் தண்ணீர் கொடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். "நீங்களும் வாங்க. நான் எழுதுனது பாதி எனக்கே புரியாது" என்றார். அடுத்த இரண்டு ஆட்டங்களுக்கும் நான் போனேன். பழனியில் ஒன்று, திண்டுக்கல்லில் ஒன்று. இரண்டிலும் ஜெயித்தோம்.

ஜெயித்ததில் பாதிப் பங்கு நம் கோல் கீப்பர் சிவலிங்கத்துக்கு. அவன் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து மன்னவனூரில் குடியேறியது. அப்பா, அம்மா இருவரும் தினக்கூலி. பதினாறு வயதிலேயே ஆறடிக்குப் பக்கம். பேசமாட்டான். பட்டாளத்தில் சேர வேண்டும் என்ற ஒரே நினைப்பு. அவனுக்கு உயிர்த் தோழன் அணித் தலைவன் பீட்டர். பின்வரிசையில் நின்று, "சிவா, எடது பக்கம்! சிவா, வெளிய வா!" என்று ஆட்டம் முழுக்கக் கத்திக்கொண்டே இருப்பான்.

அரையிறுதி கொடைக்கானலில், பாதி மைதானம் மூடுபனிக்குள். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒரு பந்தைத் தடுக்கப் பாய்ந்த சிவலிங்கம் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டான். பந்தை விடவில்லை. எழுந்து நின்று ஆட்டத்தை முடித்தான். ஜெயித்துவிட்டோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளி வரைக்கும் வந்தார்கள். அது சனிக்கிழமை. இறுதி ஆட்டம் அடுத்த சனிக்கிழமை மதுரையில்.

திங்கட்கிழமை சிவலிங்கம் தலைவலி மாத்திரை கேட்டு வந்தான். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். "இன்னைக்கு என்ன கிழமை சிஸ்டர்?" என்று கேட்டான். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் அதையே கேட்டான். அவனை அப்படியே கட்டிலில் படுக்க வைத்தேன். "சிஸ்டர், எனக்கு முடியலன்னு எழுதிராதீங்க சிஸ்டர். ஃபைனலுக்குப் பட்டாளத்து ஆபீசர் வர்றாராம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். வாரம் இரண்டு முறை வரும் டாக்டர் செவ்வாய்க்கிழமை வந்தார். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் படுத்திருந்தால் சரியாகிவிடும் என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்போதே அவனை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லிப் பிடிவாதம் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. இதை நான் மறைப்பதற்கில்லை.

வியாழக்கிழமை கர்னல் என்னை அழைத்தார். ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் உடல் தகுதிச் சீட்டு வேண்டும், என் கையெழுத்து. சிவலிங்கத்தின் சீட்டில் மட்டும் நான் கையெழுத்துப் போடவில்லை. கர்னல் கெட்டவர் இல்லை. பள்ளியில் சேரும் பையன்கள் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்தார்கள். ஒரு கோப்பை வந்தால் பள்ளி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினார். "டாக்டரே ரெண்டு நாள்ல சரியாயிரும்னு சொல்லிட்டார். நீங்க நர்ஸ்தானே, சிஸ்டர்?" என்றார். பேப்பரை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். அவர் சுபேதாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

உண்மையைச் சொல்கிறேன், அவர் உள்ளே வந்தபோது என் பக்கம் நிற்பார் என்று நான் நினைக்கவில்லை. அந்த அணி அவர் உண்டாக்கியது. கர்னல் சொல்லி அவர் மறுத்ததை யாரும் பார்த்ததில்லை. கர்னல் விஷயத்தைச் சொன்னார். சுபேதார் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பாத்தீங்க சிஸ்டர்?" என்றார். பொத்தானையும், வெளிச்சத்தையும், கிழமை கேட்டதையும் சொன்னேன். உடனே ஆளனுப்பி சிவலிங்கத்தை வரவழைத்தார்.

"கேடட், சாவ்தான்!"

பையன் குதிகாலைச் சேர்த்து விறைப்பாக நின்றான்.

"கண்ண மூடு."

மூடினான். பத்து எண்ணுவதற்குள் அவன் உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. சுபேதாரின் கை ஏற்கெனவே அந்தப் பக்கம் நீண்டு தயாராக இருந்தது. அவனைத் தாங்கி நாற்காலியில் உட்கார வைத்தார்.

"சார், நின்ன எடத்துலயே ஆடுறான். இவனக் கொண்டுபோய் எங்க சார் ஆட விடுறது?"

கர்னல் குரலை உயர்த்தினார். "வேலு, இது என் ஸ்கூல்."

"ஆமா சார். டீம எங்கிட்டக் குடுத்தீங்க. இவன் டீம்ல இல்ல சார்."

அவர் குரல் உயரவில்லை. நின்ற நிலையும் மாறவில்லை. சல்யூட் அடித்துவிட்டுப் பையனைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டி வந்தார். தாழ்வாரத்தில் நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். "நன்றியெல்லாம் எதுக்கு? கோல்ல நிக்க ஒரு ஆளக் குடுங்க. ரெண்டு கீப்பரையும் நீங்கதான் கட்டில்ல போட்டு வச்சிருக்கீங்க" என்றார். உண்மைதான். மாற்றுக் கீப்பருக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் உப்பி, பக்கத்துக் கட்டிலில் கிடந்தான். அன்று மாலை பீட்டரைக் கோலில் நிற்க வைத்துப் பயிற்சி நடந்தது. வாழ்க்கையில் அவன் அதுவரை கையால் பந்தைத் தொட்டதில்லை.

வெள்ளிக்கிழமை அணி மதுரைக்குக் கிளம்பியது. கர்னலும் தன் காரில் போனார். நான் சிவலிங்கத்தோடு தங்கிவிட்டேன். சனிக்கிழமை பொழுது விடியும்போது அவன் வாந்தி எடுத்தான். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மறுபடி மூடிக்கொண்டான். டார்ச் அடித்தேன். ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகி இருந்தது. பள்ளி ஜீப்பின் பின்பக்கம் மெத்தையைப் போட்டு, அவன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு மலை இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். பாதி வழிக்குப் பிறகு பதில் வரவில்லை. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்கள். மண்டை ஓட்டுக்குள் ரத்தம் கசிந்து கட்டியிருந்தது. திறந்து எடுக்க வேண்டும். ஏற்பாடெல்லாம் முடிந்து உள்ளே கொண்டுபோனபோது மணி நான்கைத் தாண்டிவிட்டது. ஜீப் ஓட்டுநரிடம், "கிரவுண்டுக்குப் போய் சுபேதார் சார்கிட்ட மட்டும் சொல்லுங்க" என்று அனுப்பினேன்.

முதலில் வந்தவர் கர்னல். சுபேதார் சொல்லி, ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். என் எதிரில் வந்து நின்றார். பிறகு அங்கிருந்த ஊழியரிடம் போய், "பையனுக்கு ரத்தம் வேணுமா? எடுத்துக்கோங்க" என்று சட்டைக் கையை மடித்தார். எடுத்துக்கொண்டார்கள். அவர் செய்ததையும் நான் எழுதத்தான் வேண்டும்.

சுபேதார் ஆறு மணிக்கு வந்தார். பூட்ஸில் மைதானத்து மண். "பய எப்படி?" என்றார். பிழைத்துக்கொள்வான் என்று சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அதுவரைக்கும் அழாத நான் அப்போது அழுதேன். செவ்வாய்க்கிழமையே அனுப்பாமல் விட்டுவிட்டேன் என்றேன். என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் என் முன்னால் முதல் முறையாக உட்கார்ந்தது அன்றுதான்.

"நீங்க பாத்தீங்க சிஸ்டர். மத்தவங்க நாங்க பாக்கவே இல்ல. தோள்ல தூக்கிக்கிட்டு ஆடுனோம்."

யார் ஜெயித்தார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் பேப்பரில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே சுபேதார் மன்னவனூர் போய் சிவலிங்கத்தின் பெற்றோரை அழைத்து வந்தார். அந்த அம்மா என்னை, தேயிலைத் தோட்டத்தில் நர்ஸைக் கூப்பிடும் வழக்கப்படி, மிஸ்ஸி என்றுதான் கூப்பிட்டார். "மிஸ்ஸி, எம் புள்ள என்னைய அடையாளங் கண்டுக்கிருவானா?" என்று கட்டில் பக்கம் வரவே பயந்து நின்றார். மூன்றாம் நாள் சிவலிங்கம் கண்ணைத் திறந்து, "அம்மா, நீ சாப்புட்டியா?" என்றான். சுபேதார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உயிர் பிழைத்தவனுக்குப் பட்டாளம் கிடைக்கவில்லை. மண்டை ஓட்டைத் திறந்தவனை எடுக்கமாட்டார்கள். அதைக் கடிதத்தில் தெரிவித்திருக்கலாம், பெற்றோரை விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். சுபேதார் நேரில் போனார். நானும் கூட இருந்தேன். "பட்டாளம் உன்ன எடுக்காது. பெரிய ஆபீசர் வரைக்கும் விசாரிச்சிட்டேன். இத நானே சொல்லணும்னுதான் வந்தேன்" என்றார். சிவலிங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிட்டான். ஒரு வருடத்துக்கு மேல் அவரோடு பேசவில்லை. அவர் மாதம் ஒருமுறை போய்க்கொண்டே இருந்தார். அவன் பேசாவிட்டால் அவன் அப்பாவோடு உருளைக்கிழங்கு நோயைப் பற்றிப் பேசிவிட்டு வருவார். அப்படிப் போய்ப் போய்த்தான் அந்த மண் பிடித்து, பள்ளி மூடியதும் அங்கேயே நிலம் வாங்கிக் குடியேறினார். சிவலிங்கம் இன்று ஆட்டுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். மனைவி, இரண்டு குழந்தைகள். சென்ற செவ்வாய்க்கிழமை பாடையின் முன்பக்கத்தைத் தூக்கிய இருவரில் ஒருவன் சுபேதாரின் மகன், இன்னொருவன் அவன்.

அந்தப் பேசாத வருடத்தில் ஒரு நாள், சிவலிங்கத்தைப் பார்க்க நானும் சுபேதாரும் ஒரே பேருந்தில் போனோம். ஜன்னலுக்கு வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. "சார், அந்த ஃபைனல் எப்படி இருந்துச்சு? நான் கேக்கவே இல்ல" என்றேன். "கேட்டா ஒழுங்காச் சொல்லணும்" என்றார். பூம்பாறை தாண்டியதும் தொடங்கினார். முதல் உதையிலிருந்து சொன்னார். யார் யாருக்குத் தட்டினான், எந்தக் கார்னரில் பீட்டர் பந்தைத் தவறவிட்டான், முதல் கோலை எப்படி வாங்கினோம், அதை எப்படித் திருப்பினோம், ஒன்றையும் விடவில்லை. இடைவேளையில் ஜீப் ஓட்டுநர் வந்து அவர் காதில் சொன்ன இடத்தில் என் பக்கம் திரும்பினார்.

"ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னுதான் மொதல்ல காலு போச்சு. அங்க நீங்க இருக்கீங்க. இங்க பதினோரு பயலுக நிக்கிறானுக. அதான் நின்னுட்டேன். பொய் சொல்ல வாய் வரல. உண்மையச் சொன்னா ஆடமாட்டானுங்க. 'சிவலிங்கம் மதுரைக்கு வந்திருக்கான், சிஸ்டர் கூட இருக்காங்க, மிச்சத்த ஆட்டம் முடிஞ்சு சொல்றேன்'னு சொன்னேன். அவன் எங்கயோ வேலிப் பக்கம் நின்னு பாக்குறான்னு நெனச்சுக்கிட்டானுங்க சிஸ்டர். அப்புறம் ஆடுனானுங்க பாருங்க, அப்பிடி ஒரு ஆட்டத்த நான் ரெஜிமெண்ட்லகூடப் பாத்ததில்ல."

இரண்டாவது பாதியில் எதிரணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. பீட்டர் பந்து வந்த பக்கமே பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டான். எழுந்தவன் சக ஆட்டக்காரர்களைப் பார்க்கவில்லை, சுபேதாரைப் பார்க்கவில்லை. வேலிப் பக்கம் நின்ற கூட்டத்தைப் பார்த்து, சிவலிங்கம் அங்கே நிற்பதாக எண்ணி, பந்தை உயர்த்திக் காட்டினான். அதன் பிறகு கடைசி நிமிடத்தில் இன்னொரு கோல் விழுந்து தோற்றதைச் சுபேதார் ஒரே வரியில் சொல்லி முடித்தார். பேருந்து மன்னவனூரில் நின்றது. "ஆட்டம் முடிஞ்சுது, எறங்குங்க" என்று என் குடையையும் அவரே எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அவரிடமிருந்து எனக்கு ஒரு பொருளும் கிடைக்கவில்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. இந்த ஆட்டம் இருக்கிறது. நான் பார்க்காதது, ஆனால் முழுசாக, தொடக்கம் முதல் முடிவு வரை, அவர் குரலில். அதில் பீட்டர் கூட்டத்தைப் பார்த்து இன்னும் பந்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். சுபேதார் கோட்டோரத்தில், உண்மையை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு, கையைப் பின்னால் கட்டி நேராக நிற்கிறார்.